விரல் அப்படியேதான் இருக்குது

தோட்டாவுக்கு வெடிமருந்து அளக்கும் முறையை நான் இதில் எழுதப்போவதில்லை. அது உங்கள் மேசைக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கும் தெரியாது. புதிய செயலாளர் போன் செய்து, "லோடிங் ரூமுக்குப் புதுசா நாலு பேரு வந்திருக்காங்கண்ணா. உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, படிக்கட்டும்" என்றார். நல்ல விஷயமாக நாலு எழுதச் சொல்கிறார் என்று புரிந்தது. நல்ல விஷயமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான், அதில் நான் நல்லவனாக வரவில்லை. ஒரு மனிதர் தன் கைமேல் வைத்திருந்த நம்பிக்கையை நான் எப்படிப் பறித்தேன் என்பதுதான் அது. அதையே எழுதுகிறேன். வேண்டாமென்றால் செயலாளர் கிழித்துப் போடட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவனில்லை. எடப்பாடிப் பக்கம் தறிக்காரக் குடும்பம். தறி எனக்கு ஒத்துவரவில்லை என்று சங்ககிரிக்கு வந்து லாரிப் பட்டறையில் லேத் ஓட்டினேன். பட்டறைக்கு லாரி கொண்டுவருகிற முதலாளி ஒருவர் துப்பாக்கி கிளப்பில் உறுப்பினர். "மயிரிழை கணக்குப் பார்க்கிற ஆளு அங்க வேணும், வாரியா?" என்று கூட்டிக்கொண்டு போனார். பழைய நூல்மில் குடோனைத்தான் ரேஞ்சாக மாற்றியிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முழு வேகத் தோட்டாவை அந்த நாலு சுவருக்குள் சுட்டால் காதும் போகும், பின்னால் இருக்கிற இரும்புத் தகடும் போகும், புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் சத்தத்துக்குப் பயந்தே கண்ணை மூடிக்கொள்வார்கள். அதனால் மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டா. லைட் லோடு என்போம். அனுமதி வாங்கி, நம் அறையிலேயே கையால் செய்து, நம் ரேஞ்சிலேயே சுட்டுத் தீர்ப்பது.

லைட் லோடு என்றதும் ஆபத்தும் லைட்டாகத்தான் இருக்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். மருந்து கொஞ்சம் என்பதால் அது தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அடியில் கிடக்கும். கூட்டில் மருந்து விழுந்திருக்கிறதா, விழவே இல்லையா, ரெண்டு தடவை விழுந்துவிட்டதா என்று மேலே இருந்து சும்மா பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க வேண்டும். ரெண்டு தடவை விழுந்தால் துப்பாக்கி வெடிக்கும். விழவே இல்லையென்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அப்போதைக்கு ஒன்றும் வெடிக்காது. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்க இருக்கிற சின்னக் கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு கிளம்பி, துப்பாக்கிக் குழாயின் பாதியில் போய் நின்றுகொள்ளும். சுட்டவருக்கு ஏதோ சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அடுத்த குண்டைச் சுடுவார். அது முன்னால் நிற்கிற குண்டின் முதுகில் போய் மோதும். மீதியை அவர் கை சொல்லும்.

இதைத் தடுக்க எங்களிடம் இருந்தது ஒரு டார்ச்சும் ஒரு விரலும்.

மேசையில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கை, ஒருவர் கண். கை என்றால் பாய். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் பாய் என்றே இருக்கட்டும். சேலத்துக்காரர். கடைவீதிக்குப் பின்னால் சின்ன வாட்ச் ரிப்பேர்க் கடை. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி சங்ககிரிக்கு வந்து எங்களுக்குத் தோட்டா போடுவார். வாட்ச்சுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத திருகை இடுக்கியால் எடுத்து வைக்கிற கை அது. நான் கண். பலகையில் வரிசையாக நிற்கிற காலிக் கூடுகளில் அவர் ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டு போவார், நான் போட்டு முடித்த கூட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டே நகர்வேன். யாராவது கூப்பிட்டால், இருமல் வந்தால், எது நடந்தாலும் கண்ணின் விரல் அந்தக் கூட்டை விட்டு எழக்கூடாது. எழுந்துவிட்டால் பலகையில் இருக்கிற அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எழுதி ஒட்டின விதி இல்லை இது. நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டது.

ஒரு நாள் பலகை முடிகிற நேரம் கரண்டு போனது. ஒரு மூச்சு நேரம்தான், உடனே வந்துவிட்டது. என் விரல் அசையவில்லை. பாய் என்னைப் பார்த்தார்.

"விரல் அப்படியேதானே?"

"அப்படியேதான் இருக்குது பாய்."

"இருட்டுல இருந்துச்சா?"

"இருந்ததுன்னுதான் நினைக்கறேன்."

பலகையை எடுத்துக் கவிழ்த்துவிட்டார். எனக்குக் கோபம். மதியச் சோறு தள்ளிப்போகிறதே என்கிற கோபம். "நினைக்கறேன்னு ஒரு வார்த்தை வந்துருச்சுல்லண்ணே, அதுக்கப்புறம் அது தோட்டா இல்ல" என்றார். "மருந்துக்கு ஞாபகம் கிடையாது. நமக்கும் கிடையாதுன்னே வெச்சுக்குவோம்."

மனுசர்கள் போகிற போக்கில் சொல்கிறதைப் பிடித்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. டீக்கடையில், பஸ்ஸில், பட்டறையில் கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். பாய் சொன்னது அதில் நிறைய இருக்கிறது. எழுதிவைத்து என்ன, சமயத்தில் எதுவும் கைகொடுக்கவில்லை.

இனி அந்த நாள்.

மறுநாள் கிளப்பில் தேர்வு. யாரை வெளிப்போட்டிக்கு அனுப்புவது என்று சுடவைத்துப் பார்ப்பது. அதில் முக்கியமான ஆள் சுகன்யா. மல்லசமுத்திரத்துப் பெண், ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியில் வந்து பயிற்சி எடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். அந்தப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டுப் பிரிவில் போலீஸ் வேலைக்கு மனுப் போட முடியும். அதற்கான வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. மதியம் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங் மாமா, எனக்குப் போடறதை நல்லாப் போடுங்க. நாளைக்கு சத்தம் ஒண்ணு கூட மாறக் கூடாதுங்க."

"போ சாமி, போய்ச் சாப்புடு. பாய் போட்டு என்னைக்கு மாறியிருக்குது?"

பாய் தலை நிமிராமல், "துவா பண்ணிக்கிட்டேதாம்மா போடறேன்" என்றார்.

அடுத்த நாள் தேர்வுக்கான பலகையில் பாதி தாண்டியிருப்போம். கதவு திறந்தது. அன்றைய செயலாளர் உள்ளே வந்தார், கூடவே ஒரு பெரியவர். நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணைக்காரர், ரேஞ்சில் புகை வெளியேற மின்விசிறி எல்லாம் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தவர். வேலை நடக்கும்போது அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது. செயலாளருக்கும் அது தெரியும்.

"இதுதானுங்க நம்ம லோடிங் ரூம். வாங்க, வாங்க. பாய், அய்யாவுக்கு ஒரு சேர் எடுத்தாங்க."

பாய் என் முகத்தைப் பார்த்தார். என் விரல் கூட்டின்மேல் இருந்தது. நான் தலையசைத்தேன். அவர் அளவுக்கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனார்.

"இவரு நம்ம லேத்தண்ணா," என்றார் செயலாளர். "இவரு கண்ணு தப்பி ஒரு தோட்டா வெளிய போகாதுங்க."

பெரியவர் எனக்கு இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அப்பா வயது இருக்கும். அவர் இரண்டு கையையும் கூப்பி நிற்கிறபோது நான் ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை மட்டும் தூக்குவதா? எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது வராது. இரண்டு கையும் தானாக எழுந்து கூப்பின.

கூப்பின கையை இறக்கும்போதுதான் தெரிந்தது.

எந்தக் கூடு? இதுவா, இதற்கு அடுத்ததா? இரண்டும் ஒரே மாதிரிப் பித்தளை. டார்ச்சை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் டார்ச் பாயின் பக்கத்தில் இருந்தது, எட்டி எடுத்தால் நான் விரலை விட்டுவிட்டேன் என்பது செயலாளருக்குத் தெரிந்துபோகும். இவர் கண்ணு தப்பாது என்று சொல்லி வாய் மூடவில்லை அவர். ரெண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால்தானே ஆபத்து, தள்ளியே வைப்போம் என்று அடுத்த கூட்டின்மேல் விரலை வைத்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகக்கூடத் தோன்றியது. நடுவில் ஒன்று காலியாக நின்றாலும், எப்படியும் கடைசியில் டார்ச் அடித்து எல்லாவற்றையும் பார்க்கத்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாய் நாற்காலியோடு வந்தார். பெரியவரை உட்காரவைத்தார். மேசைக்கு வந்து கரண்டியை எடுத்தார். எடுத்ததும் வழக்கம்போலக் கேட்டார்.

"விரல் அப்படியேதானே அண்ணே?"

"அப்படியேதான் இருக்குது."

என் வாயிலிருந்து அது வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. நினைக்கறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவிழ்த்திருப்பார்.

பலகை முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரியவர் நாற்காலியை இழுத்து என் தோளுக்குப் பின்னால் வந்து தானும் எட்டிப் பார்த்தார். அவர் தலை நிழல் பலகையில் விழுந்தது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. நிழலோடு நிழலாக வேகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். அதன்பிறகு பாய் கூடுகளின்மேல் குண்டுகளை அழுத்திப் பொருத்தினார். டப்பாவில் போட்டு ஒட்டினோம். செயலாளரும் பெரியவரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தேர்வு. சுடுகிறவர்களுக்குப் பின்னால் என் நாற்காலி. பாய்க்கு அன்று ரேஞ்சில் வேலை இல்லை, வெளியே வராண்டாவில் இருந்தார்.

சுகன்யா நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று. அவளுக்குக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சத்தம். தறிக்காரன் வீட்டில் பிறந்ததால் எனக்கு இதில் ஒரு வசதி உண்டு. இருபது தறி ஓடுகிற ஷெட்டில் ஒன்று மட்டும் நூல் அறுந்து ஓடினால் தூக்கத்தில்கூட எழுந்துவிடுவோம். டப், டப் என்று வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு சின்ன 'தப்'. ஈரத்துணியைக் கல்லின்மேல் போட்ட மாதிரி. அவள் மணிக்கட்டும் துள்ளவில்லை.

எனக்கு எல்லாமே அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. எந்தக் கூடு, எந்த வணக்கம் எல்லாம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நிறுத்து என்று கத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும்? நேரமே ஆகியிருக்கக் கூடாது. ஆனால் ஆனது. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் நான் நினைத்தது அவள் கையைப் பற்றி இல்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே, பலகை வெளியே வருமே என்று. அவள் மறுபடி குறி பார்த்துவிட்டாள். விரல் விசைக்குப் போய்விட்டது.

"நிறுத்து" என்று கத்தினேன். கத்திக்கொண்டே மணியையும் அடித்துவிட்டேன்.

அவள் நின்றாள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். வெறுப்பாகத்தான் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே.

"ஏனுங், என்னாச்சு?"

துப்பாக்கியை வாங்கிக் காலி செய்து, குழாயில் பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தார் ரேஞ்ச் அதிகாரி. பாதிக்குமேல் போகவில்லை. இன்னொரு முறை விட்டார். போகவில்லை. சுகன்யா தன் வலது கையை மட்டும் இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

வேறு துப்பாக்கி கொடுத்து மீதியைச் சுடச் சொன்னார்கள். கம்பி பாதியில் நின்றதைப் பார்த்த பெண் என்ன சுடுவாள். அவள் போகவில்லை, வேறொருவர் போனார். அடுத்த வாரம் என்னைத் தேடி வந்தாள். "கையைக் காப்பாத்துனீங்க மாமா. கையிருந்தா அடுத்த வருசம் சுட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த வருசம் எனக்கு வயசுதான் இல்லைங்களே" என்று சொல்லிச் சிரித்தாள். நன்றி சொல்ல வந்த பெண். இன்றும் அதே கடையில்தான் பில் போடுகிறாள்.

விசாரணை கிளப்பின் ஆபீஸ் அறையில் நடந்தது. செயலாளர், ரேஞ்ச் அதிகாரி, பாய், நான். மீதித் தோட்டாக்கள் அத்தனையையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள். எல்லாவற்றிலும் மருந்து சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றில்தான் இல்லை, அதைத்தான் சுகன்யா சுட்டிருக்கிறாள்.

ரேஞ்ச் அதிகாரி நியாயமான மனிதர். "வேலை நடுவுல ஏதாவது தடங்கல் வந்துதா?" என்று கேட்டார்.

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணடிக்கவில்லை, சைகை காட்டவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நடந்தது வெளியே வரக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. வேலை நேரத்தில் ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது அவர் தப்பு. விரலை எடுத்தது என் தப்பு.

"செயலாளர் வந்தாருங்க," என்றார் பாய், அவர்தான் நேராகப் பேசுகிறவர். "நான் சேர் எடுக்கப் போனேன். ஆனா அண்ணன் விரல் எடுக்கல. கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

எனக்காக அவரே சாட்சி சொல்லிவிட்டார்.

"அப்புறம் எப்படிங்க ஒண்ணு மட்டும் காலி?" என்றார் ரேஞ்ச் அதிகாரி.

செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். "டார்ச் அடிச்சுப் பார்க்கறப்ப மருந்து இருந்திருக்கு. அதுக்கப்புறம் குண்டு அழுத்தறப்ப கூடு சாஞ்சு கொட்டியிருக்கணும். அதைத் தவிர வேற எப்படி? பாய்க்கும் வயசாகுதில்லீங்களா. கை லேசா நடுங்கியிருக்கும்." பிறகு என்னிடம் திரும்பினார். "ஏனுங்ணா, அப்படி இருக்கலாம்ல?"

பாயும் என்னிடம் திரும்பினார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம். "அப்படியாண்ணே? என் கை நடுங்குன மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால்கூட நான் மாட்டியிருக்க மாட்டேன். யாருக்கும் காரணம் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாவிட்டால் தோண்டிக்கொண்டே இருப்பார்கள் என்று பயம்.

"இருக்கலாம் பாய்," என்றேன். "சில நேரம் லேசா ஒரு ஆட்டம் இருக்கத்தான் செய்யுது."

பாய் தன் கையை மேசையின்மேல் விரித்து வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். யாராவது உங்கள் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஆடாமல் இருக்குமா? லேசாக ஆடியது.

"ஆமா," என்றார். "எனக்கே தெரியல பாருங்க."

அன்றே சாவியைக் கொடுத்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "ஒரு பொண்ணோட கை போயிருக்கும்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது என் தோளைத் தட்டி, "உங்க காதுனால நான் தப்பிச்சேண்ணே. இல்லேன்னா அல்லாவுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். ஒரு காது ஒரு கையைக் காப்பாற்றியது என்று செயலாளர் மேடையில் பேசினார். கைதட்டினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் உங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே போகும்போது ஒரு முறை பாருங்கள். நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? தப்பு செய்தவன் தூங்க மாட்டான் என்பார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். சாப்பிட்டேன். புதிய கை ஒருவர் வந்தார், அவருக்கு விரல் விதியை நானே சொல்லிக்கொடுத்தேன், மிகக் கண்டிப்பாக. பாய் கிளப் வேலையைத்தானே விட்டார், வாட்ச் கடை இருக்கிறது, அவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு வேலையாகச் சேலம் போனபோது அந்தக் கடைப் பக்கம் போனேன். வாட்ச் பெட்டி இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்கின. பாயின் மகன் உட்கார்ந்திருந்தார்.

"அத்தா இல்லீங்களா?"

"வீட்ல இருக்காங்க. அத்தா வாட்ச் தொடறதையே விட்டுட்டாங்க மாமா. கை சரியில்லைன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனோம், ஒண்ணுமே இல்லைங்கறாரு. அத்தா கேக்க மாட்டேங்கறாங்க. டாக்டருக்கு என்ன தெரியும், பக்கத்துல உக்காந்து பார்த்தவரே சொல்லியிருக்காருன்னு சொல்றாங்க."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவசரமாக பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் தூக்கம் போனது. அப்போதும் திரும்பிப் போகவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு சாக்கு, அப்புறம் ஒரு வருடம் முட்டி வலி ஒரு சாக்கு.

போன ஐப்பசியில்தான் போனேன். வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "அண்ணே, வழி தெரிஞ்சுதா உங்களுக்கு" என்று உள்ளே உட்காரவைத்தார். சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "சங்ககிரி அண்ணன் வந்திருக்காரு. நல்லா இஞ்சி தட்டிப் போட்டு டீ வை."

அவர் சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டும் போடாமல் கிடந்தன. போட முடியாமல் இல்லை, போட முயல்வதையே விட்டிருந்தார். கையை மடியில் கோர்த்து வைத்துக்கொண்டே பேசினார், ஏதோ வேறொருவர் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிற மாதிரி. சுகன்யா எப்படி இருக்கிறாள், ரேஞ்சில் மின்விசிறி போட்டாரா அந்தப் பெரியவர், எல்லாம் கேட்டார்.

நான் சொன்னேன். வளைக்காமல் சொன்னேன். பெரியவர் கும்பிட்டது, நான் விரலை எடுத்தது, தள்ளி வைத்தது, நீங்கள் வந்து கேட்டது, நான் சொன்ன பொய், நிழலில் டார்ச் அடித்தது, ஆபீஸ் அறையில் இருக்கலாம் என்று சொன்னது. உங்கள் கையில் அன்றைக்கு ஒரு ஆட்டமும் இல்லை பாய், அதற்கு முன்னால் எந்த நாளும் இல்லை, நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றேன்.

அவர் கோர்த்திருந்த கையைப் பிரித்து வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதுல ஒண்ணும் இல்லையா?"

"இல்லை பாய்."

"என் பேரன் பொறந்தப்ப தூக்கிக் குடுத்தாங்க," என்றார். "விழுந்துருவான்னு வாங்க மாட்டேன்னுட்டேன்."

மன்னிச்சுக்குங்க என்றேன். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மறுபடி கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"டீ வேண்டாம்மா. அண்ணன் கிளம்பறாரு."

கிளம்பினேன். வாசல்வரை வரவில்லை அவர்.

தம்பி தங்கைகளே, பலகையைக் கவிழ்க்கிறதுக்கு அரை மணி நேரம்தான் ஆகும். யார் நின்று பார்த்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் கும்பிட்டாலும், விரல் எழுந்துவிட்டால் எழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கவிழுங்கள். மரியாதை தெரியாதவன் என்று பேர் வந்தால் வரட்டும். சொல்லத் தவறிவிட்டால் மறுநாளாவது சொல்லுங்கள். மறுநாளும் தவறினால் அதற்கப்புறம் சொல்வது உங்களுக்காகத்தான் இருக்கும், அடுத்தவருக்கு அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

பாய் இன்னும் வாட்ச் தொடவில்லை என்று அப்புறம் போனில் மகன் சொன்னார். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு அந்த டீ கிடைத்திருந்தால், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.